கடைசியா நல்லா இருந்த இடம்

மகன் சாமுவேல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அன்றே கிரேஸ் டிவியைப் போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் டிவி கூடாது. ஒன்பது மாதம் அவள் புருஷன் தாவீது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பத்தாவது மாதம் இந்தியா மேட்ச் வந்தது. கவரைப்பேட்டை டீக்கடையில் நின்று பார்த்தால், சேதி அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும்.

கம்ப்யூட்டர் டிவி ஆகாது. இது அவன் கண்டுபிடித்த சட்டம். கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கிரேஸ் குடும்பத்தை ஓட்டும் கம்ப்யூட்டர் அது. மேட்ச் அன்று அவள் ஊத்துக்கோட்டைக்குப் பத்திரிகை கொடுக்கப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டரிலேயே டிவி காட்டும் என்று கும்மிடிப்பூண்டியில் வாங்கிய டிவி கார்டை உள்ளே செருகினான். கூட வந்த சிடியைப் போட்டான். அது எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ கொடுத்தான். கல்யாணத்திலும் அப்படித்தான் கொடுத்திருந்தான்.

திரும்ப ஆன் செய்ததும் திரை நீலமாகி நின்றது. அணைத்துப் போட்டான். நீலம். கார்டைப் பிடுங்கினான். அப்போதும் நீலம். கார்டு விற்ற ரஷீதுக்குப் போன் போட்டான்.

“கார்டை எடுத்தா இன்னாண்ணா, அத்த ஓட்ட சிடில வந்த டிரைவர் புரோகிராம் உள்ள குந்திக்கினு இருக்குமே. வேற கார்டோட சிடிய மாத்திக் குடுத்துட்டேன் போல. ஃபார்மேட் பண்ணிடு.”

“பண்ணா?”

“புதுசு மாறி ஆயிடும். உள்ள இருக்கறது அல்லாம் பூடும்.”

உள்ளே இருந்தது சாமுவேல். ஆறு வயதுவரை எடுத்த படங்கள் அத்தனையும். வேறு பிரதி கிடையாது. தாவீது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கிரேஸ் வந்தாள்.

“இன்னாய்யா, மொகம் செத்துக் கெடக்குது?”

“கரண்டு லோவா வருது கிரேஸு. அதான் நீலமா காட்டுது.”

“ஃபேன் நல்லாத்தான சுத்துது.”

“அது வேற லைனு.”

“மேசை மேல நாலு ஸ்குரூவும் ஒரு கார்டும் கெடக்குது. அதுவும் வேற லைனா?”

அவள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கீபோர்டில் எஃப்-எட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரையில் வரிசையாக இங்கிலீஷ் வந்தது. ஒரு வரியில் நிறுத்தி அமுக்கினாள்.

“இன்னா அது?”

“கடைசியா எப்ப நல்லா இருந்துச்சோ, அந்த எடத்துக்குப் போறது.”

கம்ப்யூட்டர் அந்த இடத்துக்குப் போயிற்று. திரை முழுக்கச் சாமுவேல் முன்பல் இல்லாமல் சிரித்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு கிரேஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“கார்டைத் திருப்பிக் குடுத்துடு. மேட்ச்சுல தோத்துட்டாங்க.”

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்ன ரேடியோ.

“டிவிதான கூடாதுன்னாங்க. ஒம்போது மாசமா நான் ஒரு மேட்ச் விடல.”