ஹார்ட் அட்டாக் அண்ணை

வெளிநாட்டுக்கு வந்து, கிளேட்டன் புறநகரில் நாங்கள் சேர்ந்திருந்த வாடகை வீட்டில், அதிக தடவை செத்துப் பிழைத்தவர் ஹார்ட் அட்டாக் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர், கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ரயிலில் ஏறினால் திடீரென நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும். பக்கத்தில் இருப்பவரிடம் விடைபெற்றுக்கொள்வார். ஆஸ்பத்திரியில் சோதித்தால் இதயம் குண்டுக்கல்லாக இருக்கும். நல்ல செய்தி கேட்டு முகம் வாடிய நோயாளியை நான் அவரிடம்தான் கண்டேன். கடைசியில் ரயிலையே விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வேலைக்குப் போனார்.

ஒருநாள் ஒரு பெண் டொக்டர் எல்லாச் சோதனையும் செய்து, பொறுமையாகக் கதை கேட்டு, இது ஹார்ட் அட்டாக் இல்லை, பேனிக் அட்டாக் என்றார். பயம் திடீரென உச்சிக்கு ஏறும், பிறகு தானாக அடங்கும். மறுபடி வந்துவிடுமோ என்று ரயிலை ஒதுக்குவதும் அதன் அறிகுறிதானாம். அண்ணை லொத்தர் சீட்டில் பரிசு விழுந்தவர் மாதிரி வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

அதோடு எங்களையும் கவனிக்கத் தொடங்கினார். அகப்பட்டவன் கோயம்புத்தூர் ரமேஷ், ஆராய்ச்சி மாணவன். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு பஸ் நிறுத்தம் வரை போவான். திரும்பி வந்து பார்ப்பான். மறுபடி போவான், மறுபடி வருவான். நாங்கள் சிரித்தோம். படிப்பு கெட்டு, அவன் ஊருக்குப் போகப் பெட்டி கட்டியபோதுதான் சிரிப்பு நின்றது.

கவனமாக இருப்பது வேறு, கண்ணால் பார்த்த பிறகும் மனம் நம்பாமல் இழுப்பது வேறு என்றார் அண்ணை.

"நான் என்ன பைத்தியமாண்ணே?" என்றான் ரமேஷ்.

"எனக்கும் எல்லாரும் பிழையான பேர்தான் வைச்சவை. சரியான பேர் தெரிஞ்ச பிறகுதான் நித்திரை வந்தது. வாரும், உமக்கும் கேட்டுப் பாப்பம்."

மனநல மருத்துவர் இருந்தது நகரத்தில். ரயிலில்தான் போனோம். கதவு மூடியதும் அண்ணைக்கு முகம் வெளுத்து வியர்த்தது. ரமேஷ் கையைப் பிசைந்தபடி, இறங்கிவிடலாமா என்று கேட்டான்.

"வேண்டாம். இது என்னைக் கொல்லாது."

"அடுப்பு, அண்ணே?"

"நான் பாக்கேல்லை. பாக்கவும் மாட்டன்."

ரமேஷ் சிரித்துவிட்டான். இருவரும் கடைசி வரை இறங்கவில்லை.

ரமேஷுடையது ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் என்றார் மருத்துவர். குணமாக நாளெடுத்தது, ஆனாலும் ஊருக்குத் திரும்பாமல் பட்டம் வாங்கிவிட்டான்.

பிறகு கேரம் டவுன்ஸ் கோயிலில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிற்கும் யாழ்ப்பாணத்தவர் என்ன உறவு என்று பெண் வீட்டார் கேட்டார்கள்.

"எங்க அண்ணன்" என்றான் ரமேஷ். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.