பதினெட்டுப் பையன்களும் முந்நூறு ஆடுகளும்

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கா? அந்த நேரத்துக்குத்தானே தம்பி ஆடுங்க மலையிலேர்ந்து இறங்கும்!" என்றார் டான்யால் போனில்.

எய்யுன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த வழியா இறங்கும்?"

"என்ன கேள்வி இது? எப்பவும் இறங்குற வழிதான். ஓடையைத் தாண்டி, உங்க மைதானத்துக்குக் குறுக்கால புகுந்து, நேரா பட்டிக்கு."

"ஆட்டம் நடக்கும்போது மைதானத்துல ஆடு வந்தா நிறுத்திடுவாங்க பெரியவரே. மூணு - பூஜ்யம்னு நாம தோத்ததா எழுதிடுவாங்க."

"அதுக்கென்ன? எப்பவும் ஏழு - பூஜ்யம்தானே தோப்பீங்க. நாலு மிச்சம்."

எய்யுனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஃபாரோ தீவுகளின் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணிக்கு அவர்தான் மேலாளர். மேலாளர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பது, சட்டை துவைப்பது, வருகிற அணிக்குக் கட்டில் போடுவது, கோல் வலையில் ஓட்டை இருந்தால் மீன்வலை நூலால் தைப்பது, எல்லாம் அவர்தான். வெளிநாட்டு அணிகளோடு கோட்டு போட்ட பன்னிரண்டு பேர் வந்து இறங்குவார்கள். பன்னிரண்டு பேருக்கும் இவர் ஒருவரே வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு போவார். பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

பதினான்கு வருஷமாக இந்த வேலை. பதினான்கு வருஷத்தில் ஒரு வெற்றி கிடையாது. இந்தப் பருவத்தோடு போதும் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆட்டம், ஆண்டோராவோடு. பிரிவில் இருந்த மற்ற மூன்று நாடுகளும் நம் பசங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டன. ஆண்டோரா மட்டும்தான் நம்மை மாதிரியே பாவப்பட்ட நாடு. ஜெயித்தால் அவர்களைத்தான் ஜெயிக்க முடியும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று எய்யுனுக்கு அப்படி ஓர் ஆசை.

தலைநகர் மைதானத்தில் புல்விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ஆட்டம் லாம்பவிக் கிராமத்துக்கு வந்தது. டான்யால் லாம்பவிக்கின் மந்தைத் தலைவர். மேய்ச்சலுக்கு விட்ட ஆடுகளை அக்டோபரில் என்றைக்கு மலையிலிருந்து ஓட்டுவது என்று அவர் சொல்வதுதான் சட்டம். பிரதமரே ஊருக்கு வந்தாலும் அன்றைக்கு அவர் கையிலும் ஒரு கம்பைக் கொடுத்து மேலே அனுப்பிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கக் கூடாதா?"

"சர்ச்சுக்குப் போற நாள்ல ஆடு ஓட்டுறதா? நல்லா இருக்கு நீ வாத்தியார் வேலை பார்க்குற லட்சணம்!"

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமைன்னா ஆளுக்கு எங்க போறது? பாதிப் பேர் மீன் தொழிற்சாலையில, மீதிப் பேர் கடல்ல. மலையைச் சுத்தி வளைக்க முப்பது பேராவது வேணும். என்கிட்ட பன்னிரண்டு பேர். அதுல ரெண்டு பேருக்கு மூட்டுவலி."

"பதினெட்டு பேர் நான் தரேன்," என்று எய்யுன் வாய் சொல்லிவிட்டது. மூளைக்கு விஷயம் பிறகுதான் போனது.

பயிற்சியாளர் ரோக்வியிடம் இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த விசிலைக் கீழே போட்டான்.

"ஆட்டத்துக்கு முந்தின நாள் மலையேத்தமா? அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஏறாட்டி மூணு - பூஜ்யம்."

"ஏறினா?"

"கால்வலியோட ஆடலாம். ஆடவாவது ஆடலாம்ல?"

ரோக்வி குனிந்து விசிலை எடுத்துக்கொண்டான். "மத்தியானத்துக்குள்ள பசங்க கட்டிலுக்கு வந்துடணும். எனக்கு வெள்ளிக்கிழமை வேலை இருக்கு, கூடப் போக முடியாது," என்றான் கடைசியில். அவன் பிழைப்புக்கு எலெக்ட்ரீஷியன்.

வியாழக்கிழமை ஆண்டோரா பசங்க வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பெட்டிகள் வரவில்லை. பெட்டிகள் வேறு ஏதோ ஊருக்கு நிம்மதியாகப் போய்விட்டிருந்தன. அவர்கள் பயிற்சியாளர் ஒரியோல் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. ஆனால் மெல்லிய சட்டையோடு, பக்கவாட்டில் அடிக்கிற மழையில், பதினெட்டுப் பையன்களும் பல் தந்தியடிக்க நின்றார்கள். எய்யுனுக்கு மனசு கேட்கவில்லை. கிடங்கைத் திறந்து நம் அணியின் போன வருஷத்து டிராக்சூட்டுகளையும் மழைக்கோட்டுகளையும் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரியோல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பெட்டி எப்போ வரும்?" என்றார் ஒரியோல், அரைகுறை ஆங்கிலத்தில்.

"நாளைக் காலை விமானத்துல. நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பசங்களுக்கு எட்டு மணிக்கு பஸ் வரும்."

எட்டு மணி என்று பையன்கள் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள்; அந்தக் கடிகாரங்கள் இன்னும் ஆண்டோரா நேரத்தில், நம் ஊர் நேரத்தைவிட ஒரு மணி முந்தி ஓடிக்கொண்டிருந்தன.

கையெழுத்துப் போட ஒரியோல் நேரில் வர வேண்டும். அவரை அழைத்துப் போக எய்யுனைத் தவிர ஆள் கிடையாது. ஆக வெள்ளிக்கிழமை விடியும்போது, நம் பசங்க மேல் மாடியிலும் ஆண்டோரா பசங்க கீழ் மாடியிலுமாகத் தங்கியிருந்த விடுதியில் பெரியவர்கள் என்று சொல்ல யாரும் இல்லை, ஆண்டோராவோடு வந்த ஒரு பிசியோதெரபிப் பையனைத் தவிர. அவனுக்குக் காய்ச்சல்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மார்யுன், எய்யுனின் மச்சினி. காரிலிருந்தே அவளுக்குப் போன் போட்டார்.

"ஏழு மணிக்கு விடுதி வாசல்ல நம்ம பசங்க நிப்பாங்க. ஏத்திட்டுப் போய் லாம்பவிக்ல டான்யால்கிட்ட விடு. எட்டு மணிக்குத் திரும்பி வந்து ஆண்டோரா பசங்களை உள்ளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"நாட்டுக்கு ஆடுற பசங்களை ஆடு ஓட்ட அனுப்புறீங்களா? அக்கா சொன்னது சரிதான் அத்தான்."

"அக்கா என்ன சொன்னா?"

"அது எங்களுக்குள்ள. நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், மூடுபனி. விமானம் வந்து, தலைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி, நார்வேக்குப் போய்விட்டது. சாயங்காலம் மறுபடி முயற்சி செய்வார்களாம். எய்யுனும் ஒரியோலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

எட்டேகாலுக்கு மார்யுன் கூப்பிட்டாள்.

"ஏழு மணிக்கு டாண்ணு நின்னானுங்க அத்தான். முகத்தைக்கூடப் பார்க்க முடியாத மழை. தொப்பியை இழுத்து மூடிக்கிட்டு வரிசையா ஏறி உக்காந்துட்டானுங்க. நம்ம பசங்களுக்கு இவ்வளவு ஒழுக்கம் எப்போ வந்துச்சு? கொண்டுபோய் விட்டாச்சு."

"அப்பாடா. ஆண்டோரா பசங்க?"

"ஒருத்தனும் வெளிய வரல. கால் மணி நேரம் ஹார்ன் அடிச்சேன். தூங்குறானுங்க போல."

எய்யுன் காப்பி குடித்த காகிதக் கோப்பையைக் கசக்கிப் போட்டார். நம் பிள்ளைகள் மழையில் மலையேறிச் சாகிறார்கள். எதிரி அணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. இந்த யோசனை உலகத்தில் வேறு எந்த மேலாளருக்காவது வந்திருக்குமா? பக்கத்தில் ஒரியோல் புன்னகையோடு பிஸ்கட் நீட்டினார். எய்யுன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு டான்யாலைக் கூப்பிட்டார்.

"பசங்களை அனுப்பிட்டீங்களா?"

"எங்க அனுப்புறது? எதிர்ல நிக்கிறவன் மூக்கு தெரியாத மூடுபனி. இன்னும் நூறு ஆடு மேல கிடக்கு. ஆனா தம்பி, உன் பசங்க இருக்கானுங்களே! ஆட்டைவிட வேகமா ஏறுறானுங்க. உச்சிப்பாறைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டானுங்க."

"ரெண்டு தடவையா? ஐயோ! மத்தியானத்துக்குள்ள விடறதாத்தானே பேச்சு?"

"பேச்சை ஆடுங்ககிட்ட சொல்லு."

"சரி, வயித்துக்காவது நல்லதா ஏதாச்சும் போடுங்க பெரியவரே. நாளைக்கு ஆடணும்."

"நல்லதுன்னா, போன வருஷம் கொட்டகையில தொங்கவிட்டு நல்லா புளிச்ச ஆட்டுக்கறி இருக்கு."

"அதைப் போடுங்க, நிறையப் போடுங்க."

நாலு மணிக்கு டான்யாலே கூப்பிட்டார். "முந்நூத்தி நாப்பது ஆடும் பட்டியில அடைச்சாச்சு. கறியைப் பார்த்து மொதல்ல முழிச்சானுங்க. ஒருத்தன் அழுதான். அப்புறம் பசியில எல்லாரும் சாப்பிட்டுட்டானுங்க. டிராக்டர் வண்டியில ஏத்தி விடுதிக்கு அனுப்பியாச்சு."

பெட்டிகள் ஐந்து மணிக்கு வந்தன. விடுதிக்குத் திரும்பியதும் ஒரியோல் பெட்டிகளோடு கீழ் மாடிக்குப் போனார். எய்யுன் மூச்சு வாங்க மேல் மாடிக்கு ஓடினார். பதினெட்டுப் பையன்களும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோல்காப்பாளன் காலிலிருந்து நழுவியிருந்த கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார். நாட்டுக்காக எத்தனை பாடுபடுகிறதுகள் இந்தப் பிள்ளைகள்!

படியில் ரோக்வி எதிரே வந்தான். "கொஞ்ச நேரம் முன்னாடி எழுப்பி, மலை எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டேன் அண்ணே. 'நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டானுங்க. சக்கையா பிழிஞ்சுட்டீங்க."

எய்யுன் துடைப்பத்தைத் தேடிக் கீழே இறங்கினார்.

சனிக்கிழமை காலை முழுக்க அவர் மைதானத்தில் ஆட்டுப் புழுக்கை கூட்டினார். ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை கூட்டிமுடித்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரியோல் வந்து நின்றார். நேற்றைய சிரிப்பு முகத்தில் இல்லை. எய்யுனின் கையைப் பிடித்து அழுத்தினார், கொஞ்சம் வலித்தது.

"நீங்கள் எங்கள் பையன்களுக்குச் செய்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

டிராக்சூட்டைச் சொல்கிறார், பாவம். எய்யுன் கூச்சத்தோடு தலையை ஆட்டினார். "அட, இதெல்லாம் பெரிய விஷயமா? வீடு தேடி வந்த விருந்தாளிக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி? எங்க ஊர்ல யார் வந்தாலும் செய்வோம்."

ஒரியோல் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

ரெண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பத்தாவது நிமிஷமே எய்யுன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நம் பசங்க ஓடினார்கள். ஓடியதோடு இல்லை, பறந்தார்கள். ஒருநாள் முழுக்கத் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி! ஆண்டோரா பசங்களோ காலைத் தூக்கி வைக்கவே யோசித்தார்கள். ஒருவன் மூலை உதைக்கு நடந்துபோகும் வழியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான். இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"நாள் பூரா படுத்துக் கிடந்தா இப்படித்தான்," என்றார் எய்யுன்.

"மலையேத்தம்தான் அண்ணே விஷயம்!" ரோக்வி துள்ளினான். "இத்தனை வருஷமா தப்பான பயிற்சி கொடுத்திருக்கோம். இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் எல்லாரையும் மலையில ஏத்திடணும்."

எழுபதாவது நிமிஷம் நமக்குப் பெனால்ட்டி. வழக்கம்போல் காற்றில் பந்து புள்ளியில் நிற்கவில்லை. ஒருவன் தரையில் குப்புறப் படுத்து, ஒற்றை விரலால் பந்தைப் பிடித்துக்கொண்டான். நம் ஊரில் வேறு வழியில்லை. மற்றவன் ஓடிவந்து உதைத்தான். ஆண்டோரா கோல்காப்பாளன் பந்து வரும் பக்கத்தைச் சரியாகத்தான் பார்த்தான். கால்தான் எழும்பவில்லை.

ஒன்று - பூஜ்யம். அப்படியே முடிந்தது.

எய்யுன் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதார். பதினான்கு வருஷத்துத் துவைத்த சட்டையும், கூட்டிய புழுக்கையும், ஏழு - பூஜ்யங்களும் சேர்ந்து அழுகையாக வந்தன. மார்யுன் கைக்குட்டை கொடுத்தாள். "போதும் அத்தான், அக்காகிட்ட நான் எடுத்துச் சொல்றேன்," என்றாள். பசங்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். தலைவன் மட்டும் எய்யுனைப் பார்த்ததும் ஏனோ ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டான்.

அப்போது டான்யாலின் டிராக்டர் வந்து நின்றது. தோலுரித்த முழு ஆடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மலை ஓட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பங்கு கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் லாம்பவிக்கில் கிடையாது.

"வாங்க பெரியவரே!" எய்யுன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்க கையாலேயே கொடுங்க. பசங்க மானத்தைக் காப்பாத்திட்டாங்க."

டான்யால் நம் பசங்களைத் தாண்டி நடந்தார். அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விருந்தாளிகளின் பஸ்ஸை நோக்கி அவர் போவதைப் பார்த்து எய்யுன் கத்தினார்.

"பெரியவரே, அங்க எங்க போறீங்க? பசங்க இங்க இருக்காங்க!"

டான்யால் திரும்பி, நம் பசங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவங்க யாரு தம்பி? நேத்து மலைக்கு நீ அனுப்பின தங்கமான பசங்க அதோ நொண்டிக்கிட்டே பஸ் ஏறுறாங்க பாரு. யாரு வீட்டுப் பிள்ளைன்னு நாள் பூரா கேட்டேன், பதினெட்டு பேர்ல ஒருத்தனுக்குக்கூட நம்ம பாஷை தெரியல!"