சப்பாத்து இல்லாமல் தோருன்

ஓர் ஊரில் இரண்டு வருடம் குடியிருந்துவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராது. எனக்கு வரவில்லை.

போலந்தில் தோருன் என்ற பழைய ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் அங்கேயே வேலை பார்க்க ஆசை. அப்பா தலையாட்ட வேண்டும். மலேசியாவில் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் அவர். நேரில் பார்க்காமல் எதற்கும் தலையாட்ட மாட்டார். அம்மாவோடு வந்து இறங்கிவிட்டார்.

மாலையில் இருவரையும் நடக்கக் கூட்டிப்போனேன். செங்கல் கோட்டைச் சுவர், சாய்ந்து நிற்கும் கோபுரம், ஆற்றுக்காற்று. எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்தேன். (பாதி உண்மை. மீதி, வாயில் வந்தது.)

பெரிய தேவாலயத்தின் வாசலில் அம்மா தன் காலணியைப் பார்த்தபடி நின்றார். "சப்பாத்த கழட்டணுமாடி?"

தினமும் கடந்துபோகும் வாசல்தான். உள்ளே ஒருநாளும் போனதில்லை. "பின்ன? கோயில்னா எங்க போனாலும் ஒரே ரூல்தான் லா" என்றேன். மூன்று ஜோடியையும் சுவரோரம் வைத்தோம்.

உள்ளே எல்லாரும் சப்பாத்தோடு இருந்தார்கள். அப்பா அவர்கள் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டூரிஸ்ட்டுங்கப்பா. மரியாதை தெரியாது." (டூரிஸ்ட்டுகள் முழங்காலிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.)

வெளியே வந்தால் சுவரோரம் காலி. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி, பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றைப் பெருமையோடு காட்டினார். ஏழைகளுக்குத் துணிமணி சேர்க்கும் பெட்டி. யாரோ தானமாக வைத்ததென்று நினைத்து உள்ளே போட்டுவிட்டாராம். சாவிக்காரர் காலையில்தான் வருவார்.

கல் பாவிய தெருவில், குளிரில், சாக்ஸோடு நடந்தோம். அப்பா திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். என் வேலைக் கனவு அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

வழியில் ஓர் இஞ்சி ரொட்டிக் கடைக்காரம்மா எங்கள் கால்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். மாடி வீட்டிலிருந்து மூன்று ஜோடிக் கம்பளிச் செருப்பு கொண்டுவந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இதைத்தான் போட்டுக்கொள்வார்களாம்.

"பாத்தியா, இவங்களும் கழட்டுறாங்க. எடந்தான் வேற" என்றார் அம்மா.

அதுவும் எனக்குப் புதுச் செய்தி. அறை, வகுப்பு, மறுபடி அறை. அந்த ஊரின் ஒரு வீட்டுக்குள்கூட நான் நுழைந்ததில்லை என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

நான் முழித்த முழியிலேயே அதைக் கண்டுகொண்ட அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். "சரி. வேலைக்கு இரு."

"நெசமாவாப்பா?"

"ரெண்டு வருசம் சொவத்தையே பாத்துட்டு வீட்டுக்கு வந்து என்னா சொல்லப் போற? இரு. நாலு வீட்டுல போயி சப்பாத்த கழட்டிட்டு வா."

இப்போது விடுமுறைக்கு வரும்போதெல்லாம், பகாவ் கோயில் வாசலில் அப்பா செருப்பில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"கைடு, கழட்டலாமா?"