எட்டுக் கிலோ மாவு

அன்புள்ள அண்ணா,

இங்கு எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம். கிடைத்த கையோடு வந்து அவரை அழைத்துக்கொண்டு போ.

பதினைந்து நாளில் என் விடுப்பு முடிகிறது. பாப்பாவை அப்பா பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் ஆயாகூடத் தேடவில்லை. விண்வெளி நிறுவனத்தையே ஆறு வருடம் கட்டி மேய்த்தவருக்கு எட்டு மாதக் குழந்தை எம்மாத்திரம் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். வந்து மூன்று மாதமாகிறது, ஒரு தடவைகூட அவளைத் தூக்கவில்லை. கேட்டால், "முதல்ல மாதிரி எடை, அப்புறம்தான் அசல்" என்கிறார். செயற்கைக்கோளை ஏற்றுமுன் அதே எடையில் எதையாவது வைத்து ராக்கெட்டை விட்டுப் பார்ப்பார்களாம். அதனால் பாப்பாவின் எடைக்கு எட்டுக் கிலோ மாவுப் பையைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். ஐம்பது நடை பிசகாமல் முடிய வேண்டுமாம். முப்பத்தொன்றாவதில் கால் தடுக்கிப் பை விழுந்து வெடித்து வீடெல்லாம் வெள்ளை. துடைப்பத்தோடு போனால், "யாரும் எதையும் தொடாதீங்க, விசாரணை முடியட்டும்" என்று மறிக்கிறார். என் வீட்டுக்காரர் சமாதானமாக, "மாமா, மிதியடி மடிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். "மிதியடி மேல பழி போடாதீங்க மாப்பிள்ளை. பொறுப்பு என்னோடது." கடைசி ராக்கெட் நாலாவது நிமிஷத்தில் கடலில் விழுந்த அன்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாரே, அதே வார்த்தை, அதே குரல். சிரிக்க வாய் திறந்த நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டேன்.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார். பாப்பா அவரைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள், அவர் மாவைத் தட்டிக்கொடுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். என்னால் பார்க்க முடியவில்லை அண்ணா. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பாப்பா வீறிட்டாள். ஓடினால், எனக்கு முன்னால் அப்பா. அவர் தோளில் அவள் தூங்கிவிட்டாள். மாவுப் பை தரையில் சிதறிக் கிடக்கிறது, விசாரணை ஏதும் இல்லை.

"அம்பது ஆயிடுச்சாப்பா?"

"நாப்பத்தி நாலு. அழுதா, என்ன பண்றது."

"குடுங்க, படுக்க வைக்கிறேன்."

"வேண்டாம். தூக்கறதுக்குத்தான் ஒத்திகை பாத்தேன், இறக்கறதுக்குப் பாக்கலை. நீ போய்த் தூங்கு."

ஒரு மணி நேரமாக அப்படியே நிற்கிறார். நீ வர வேண்டாம்.