நகரம் வரும் காடு

துப்பாக்கி வெடித்ததும் கொரின் சருகுக்குள் குப்புற விழுந்தாள். சொந்தக் காடு. அதில் திருடிபோல் பதுங்கிக் கிடந்தாள்.

போனில் புருஷன் வெண்டெல். காட்டுக்கு வெளியே காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரோ சுடறாங்க, வெண்டெல்!"

"அட, இன்னிக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பமாச்சே! சுடறவங்களுக்கு ஆள்னு தெரியற ஆரஞ்சுச் சட்டை போட்டிருக்கியா?"

"எல்லை வரைக்கும் நடந்து பாத்துட்டு வான்னுதானே அனுப்புன? பழுப்புக் கோட்டு."

"பழுப்பா? மான் நிறம்டி அது! கழட்டு!"

கழற்றினாள். குளிரில் பல் தந்தியடித்தது.

"உள்ள வெள்ளை ஸ்வெட்டர்."

"மானுக்கு வயிறு வெள்ளைதான்..." என்று இழுத்தான் வெண்டெல்.

அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் கொரின். இரவில் ஓட்டலில் தட்டுக் கழுவிப் படித்து, பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, தன் பேரில் ஒரு வீடும் வாங்கியிருந்தாள். "ஹைவே ஓரம் காபிக்கடை வந்துருச்சு. அடுத்து கான்சாஸ் சிட்டியே இங்க வந்து நிக்கும். காட்டை வாங்கிப்போட்டா மரத்துக்கு ஒரு வீடுன்னு வித்துரலாம்" என்று ஓதி ஓதி, அந்த வீட்டை அடமானம் வைக்கவைத்தவன் வெண்டெல். இப்போது நகரம் வருவதற்குள் தோட்டா வந்துவிடும்போல் இருந்தது. அவள் போய்விட்டால் வீடு பேங்குக்கு. காரும் ஹீட்டரும் வெண்டெலுக்கு.

மறுபடி வெடி. கிட்டத்தில்.

"பக்கத்துல வேட்டைப் பரண் இருக்கும், ஏறிக்கோ! மான் மரம் ஏறாதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

மரத்தின் மேல் ஒரு பரண், அதில் சாய்த்த ஏணி. ஏறினாள். கடைசிப் படியிலிருந்து காலை எடுத்ததும் ஏணி சரிந்து கீழே போனது.

"ஏணி விழுந்துருச்சு! நீ வா!"

"நான் எப்படி வர்றது? நானும் பழுப்புக் கோட்டுதான்."

"ஓ, உன் உயிர் மட்டும் வெல்லக்கட்டியோ?"

"கோவிச்சுக்காத. கைக்குட்டைய எடுத்து ஆட்டு, ஆள்னு தெரியும்!"

ஆட்டினாள். படபடவென்று மூன்று வெடி. பரண் குலுங்கியது.

"என்ன கலர் கைக்குட்டை?"

"வெள்ளை!"

"ஐயோ! மிரண்ட மான் வெள்ளை வாலத்தான் தூக்கி ஆட்டும்!"

"நீ நாசமாப் போக!"

போனை அணைத்தாள். மரத்தைக் கட்டிக்கொண்டு, பாதி மறந்த ஜெபங்களைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்தாள். புதர் விலகியது. ஆரஞ்சுச் சட்டைப் பெரியவர் ஒருவர், கையில் துப்பாக்கி.

"சுட்டுராதீங்க ஐயா! நான் மனுஷி! இந்த நிலத்துக்காரி!"

பெரியவர் பதறிப்போய் வாயில் விரல் வைத்தார்.

"கத்தாதம்மா, நாங்க வானத்தப் பாத்துத்தான் சுடறோம், நகரம் வரும்னு உன்ன மாதிரியே பக்கத்துக் காட்ட வாங்கி ஏமாந்தவங்க நாங்க, ஒத்த மான் இல்லாத காட்ட வேட்டைக்காடுன்னு தள்ளிவிடப் பாக்கறோம், வாங்க வந்த ஆளு உன் கைக்குட்டைய மான்னே நம்பிட்டான், இன்னொரு தடவ ஆட்டும்மா!"