ஜீரோ வச்சாச்சு

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "சுந்தரம் கடையில கண்ணாடி வாங்காதீங்கப்பா, புருவம் போயிடும்!" கூடமே சிரிக்கும். அந்தச் சுந்தரம் நான்தான். நானும் சிரிப்பேன். அவர்கள் சொல்வது பாதிக் கதைதான் என்பது எனக்கு மட்டும் தெரியும். மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்ட கோழை நான். இன்றைக்குச் சொல்லித் தொலைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் வாடகை அறை, தினமும் சைக்கிளில் காவிரிப் பாலம். எட்டு மாதத்தில் நான் கற்ற வித்தை இரண்டே இரண்டு: பிரேமில் திருகாணி முடுக்குவது, கண்ணாடியை வாயால் ஊதி வேட்டி நுனியால் துடைப்பது. (இரண்டாவதையும் முதலாளி பார்க்காத நேரத்தில்தான் செய்ய முடியும்.) ஆனால் ஊருக்குப் போனால் நான் கண் டாக்டர். எதிரே வருகிறவரின் இமையை இழுத்துப் பார்த்து "ம்ம்ம்" என்று இழுப்பேன். அந்த "ம்ம்ம்"தான் என்னைக் கெடுத்தது.

என் அம்மாவின் தம்பி, துறையூர் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் கடலை பயிரிட்டு வந்தார். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தார். குறி தப்பாத மனிதர். ஐம்பது வயதைத் தாண்டியதும் பார்வை மங்கி, குழல் நுனியில் இருக்கும் குறிமுள் தெரியாமல் போய்விட்டது. அந்த வருஷம் பன்றிகள் பாதிக் கொல்லையை உழுது தள்ளிவிட்டன. மிச்சப் பாதியும் போனால் வீட்டில் அடுப்பெரியாது. மாமா என்னைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார்.

"துப்பாக்கி மேல மாட்டுற தூரக்கண்ணாடி இருக்காமே மாப்ளே? நீ கண்ணாடிக் கடையிலதானே இருக்கே. நீயே பார்த்து வாங்கி மாட்டிக் கொடுத்துடு."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ம்ம்ம்" என்றேன்.

பொன்மலையில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர், சீமைக்குக் குடிபோகிற ஏற்பாட்டில் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு தூரக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. "காட்டுக்குக் குட்டை போதும் மேன். சுத்துவட்டம் நல்லாத் தெரியும்" என்றார். நான் இரண்டையும் ஒருநாள் இரவல் வாங்கி, அம்மா மண்டபப் படித்துறையில் நின்று அக்கரை மலைக்கோட்டையைப் பார்த்தேன். குட்டையில் மலை தெரிந்தது. நெட்டையில் உச்சிப் பிள்ளையார் கோயில் படியில் ஒருவர் குடை விரிப்பது தெரிந்தது. பிறகென்ன யோசனை? பிள்ளையாரையே பக்கத்தில் கொண்டுவருகிற கண்ணாடிக்குப் பன்றி எம்மாத்திரம்! நெட்டையையே வாங்கினேன்.

கார்டு துரை இரண்டு புத்திமதி சொன்னார். "கண்ணுக்கும் இதுக்கும் நாலு விரல் இடம் விட்டு மாட்டு மேன். அப்புறம், ஜீரோ பண்ணாம சுடக் கூடாது."

முதலாவதை நான் மதிக்கவில்லை. கண்ணாடி என்றால் கண்ணை ஒட்டி உட்கார வேண்டும், அதுதானே எங்கள் தொழில்? ரயிலில் கொடி ஆட்டியவருக்கு என்ன தெரியும்? இரண்டாவது எனக்கு அத்துப்படி. எங்கள் கடையில் ஜீரோ பவர் என்றால் கோளாறே இல்லாத வெறும் கண்ணாடி. தூரக்கண்ணாடியின் தலையில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எண் போட்ட இரண்டு குமிழ்கள் இருந்தன. இரண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். ஆச்சு, ஜீரோ!

துறையூர் பஸ்ஸில் புழுதி அப்பிய கண்ணாடியை ஊதி, வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தேன். மணல் கீறிய கோடுகளைக் கண்ணாடியின் ரேகை என்று நினைத்துக்கொண்டேன். துப்பாக்கியின் முதுகில் அதைக் கவ்விப் பிடிக்கிற வளையம் லொடலொடவென்று ஆடியது. காந்தி மார்க்கெட் பக்கத்துச் சைக்கிள் கடையில் வாங்கிவந்த பழைய டியூப் துண்டைச் சுற்றி, மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் முடுக்கினேன். மாமாவின் கண்ணிலிருந்து ஒரே விரல் தூரம்.

"ஜீரோன்னு ஏதோ சொன்னியே, அது?"

"வச்சாச்சுங்க மாமா."

"நீ இருக்கிறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் விடியற்காலை இருவரும் பரண்மேல் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் பரவும்போது கொல்லையின் கடைசியில் ஒரு தனிப் பன்றி இறங்கியது. மாமா கண்ணை வைத்தார். "பன்னி மட்டும்தான் தெரியுது மாப்ளே, வேற ஒண்ணுமே தெரியலையே. மங்கலா வேற இருக்கு."

"அப்படித்தாங்க இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு காதையும் பொத்திக் கண்களையும் இறுக மூடிக்கொண்டேன். (வேட்டைக்குப் போன வீரன் நான்.)

வெடித்தது. கண்ணைத் திறந்தால் மாமா மல்லாக்கக் கிடந்தார். துப்பாக்கி உதைத்த உதையில் தூரக்கண்ணாடியின் விளிம்பு புருவத்தை அரைவட்டமாகக் கிழித்திருந்தது. முகமெல்லாம் ரத்தம். "பன்னி விழுந்துச்சா?" என்று கேட்டார் பாவி மனிதர். பன்றி சௌக்கியமாக மலை ஏறிக்கொண்டிருந்தது.

குடும்பம் சொல்லிச் சிரிக்கிற கதை இந்த இடத்தோடு முடிகிறது.

அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது. பன்றி நின்ற இடத்துக்குப் பத்து முழம் தள்ளி, கட்டை அவிழ்த்துக்கொண்டு கடலைக்கொடி மேய வந்திருந்த மயிலைக் காளை கிடந்தது. மாமாவின் உழவு ஜோடியில் ஒன்று. கன்றாக இருந்தபோது கையால் கஞ்சி ஊட்டி அவர் வளர்த்தது. குண்டு விலாவில் பாய்ந்திருந்தது. மாமா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தாண்டா, நான்தாண்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் புருவத்து ரத்தம் அதன் நெற்றியில் சொட்டியது. வெயில் ஏறும்வரை அது சாகவில்லை. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது.

"பாம்பு கடிச்சிடுச்சுன்னு சொல்லிடு" என்றார். "உங்க அத்தைக்குக்கூட தெரியக் கூடாது. மாட்டைக் கொன்ன கையில அவ சோறு போட மாட்டா." விஷம் ஏறிய மாடு, யாரும் தொடாதீர்கள் என்று சொல்லி அவரே குழி வெட்டினார். நான் மண் அள்ளினேன்.

ஒரு வாரம் கழித்துப் பொன்மலைக்கு ஓடினேன். கார்டு துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "பேப்பர்ல எத்தனை குண்டு சுட்டுப் பார்த்தே?" என்றார். எந்தப் பேப்பர் என்றேன். "அட மேன்! பேப்பரை வச்சு சுட்டு, குண்டு விழுற இடத்துக்குக் குமிழைத் திருப்பித் திருப்பிச் சரி பண்றதுதான் ஜீரோ. சும்மா மாட்டினா அது இஷ்டத்துக்குப் போகும்." பாலக்கரை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அப்போதே மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாமா துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். கடலை போடுவதையும் விட்டார். ஒற்றைக் காளைக்கு ஜோடி வாங்கவே இல்லை. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் வந்து, அம்மா மண்டபத்தில் முங்கி முங்கி எழுந்தார். நான் கரையில் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையாரைப் பார்த்த அதே படியில் நிற்பேன். அவருக்கு ஒரே முடிவு: தன் கண் ஏமாற்றிவிட்டது. அந்தக் கண்தான் கொலைகாரக் கண்.

அறுபதுகளில் நான் சொந்தக் கடை வைத்தேன். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதும் கனத்த கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். ரோட்டைப் பார்த்தார், போர்டுகளைப் படித்தார், என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். புருவத்தில் அந்த அரைவட்டத் தழும்பு.

"எவ்வளவு துல்லியமா இருக்கு மாப்ளே. அன்னிக்கு என் கண்ணு இப்படி இருந்திருந்தா மயிலை இருந்திருக்கும், இல்லே?"

கண்ணாடியைக் கழற்றி வாங்கி, ஊதி, துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்தேன்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர்தான் என்னைத் தேற்றினார். "அட, அதுக்கு நீ ஏன்டா கலங்குறே? நீதான் ஒழுங்கா ஜீரோ வச்சுக் கொடுத்தியே."

போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில் புருவக் கதையைச் சொன்னார்கள். மாமா இல்லாத பந்தி. எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.