மூன்றாவது பாட்டில் மூன்று தட்டு

டெஸ்மண்ட் அந்தப் பெட்டியை மழைக்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தபோது, கீழே சமையலறையிலிருந்து மனைவி கிளெனிஸின் குரல் வந்தது.

"கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. வயிறு."

"உன் வயித்துக்கு மூலையெல்லாம் கிடையாதே."

வேறு வழியில்லாமல் டெஸ்மண்ட் அதை வெளியே எடுத்தார். 'சிண்டர் பேங்க்' குழுவின் 'டின் சேப்பல்' இசைத்தட்டு. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு. பழைய நாடாவைத் தூசு தட்டி, இரைச்சலை நீக்கி, மறுபடி மெருகேற்றிய ரீமாஸ்டர். அட்டையில் அதே தகரக் கோயில், அதே மழை. அந்த மழையைக் கிளெனிஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்து வருகிறார்.

"இது நம்மகிட்ட இருக்கே."

"இருக்கறது வேற."

"பாட்டு வேறயா?"

"பாட்டு அதேதான்."

"பாடுறவன் வேறயா?"

"அவனேதான். பாவம், அவன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சு."

"நீ இருந்தும் ஒரு ஷெல்ஃப் மாட்ட மாட்டேங்கற. அவன் செத்தும் புதுசு புதுசாப் போட்டுக்கிட்டே இருக்கான்."

டெஸ்மண்ட் பக்கம் நியாயம் குறைவு என்பது அவருக்கே தெரியும். இதே ஆல்பத்தை முதலில் தட்டாக வாங்கினார். பிறகு கேசட்டாக. பிறகு சி.டி.யாக. பிறகு முதல் ரீமாஸ்டராக. அந்த நாலாவதை வாங்கிய அன்று, இதுதான் கடைசி என்று சத்தியம் செய்திருந்தார். மீறினால் அவர் பாட்டுக் கேட்கும் மாடிச் சின்ன அறை கிளெனிஸுக்கு.

கிளெனிஸுக்கு அந்த அறை வேண்டும். டட்லி ஊர் நாடகக் குழுவுக்கு உடை தைப்பவர் அவர்தான். தையல் மெஷின் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. இரண்டு பேரும் பல மாதங்களாக ராஜாக்களின் கால்சட்டைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள்.

"சரி, கடைசியா ஒரு வாய்ப்பு," என்றார் கிளெனிஸ். "பழசுல இல்லாதது இந்தப் புதுசுல ஒண்ணே ஒண்ணு எனக்குக் காட்டு. காட்டினா ரூம் உன்னோடது. இல்லன்னா அஞ்சும் தானமா தர்மக் கடைக்குப் போகும், என் மெஷின் மேல வரும்."

டெஸ்மண்ட் அன்றே வேலையில் இறங்கினார். இந்த மாதிரி ஆட்களுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு தர்மம் உண்டு. ஒலியைக் கூட்டும் குமிழை இம்மியும் நகர்த்தக்கூடாது. அதற்காகவே கிளெனிஸின் நகப்பூச்சை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். பழசோ புதுசோ, எதுவும் அந்தப் புள்ளியில் வைத்துத்தான் கேட்கப்படும்.

முதலில் பழையது. பிறகு புதியது. அதே புள்ளியில் வைத்தும் புதியது வீட்டையே நிரப்பிக்கொண்டு வந்தது. 'தெளிவு' என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். கிதார், டிரம் எல்லாம் சட்டென்று நின்றுபோய், ஆர்கன் மட்டும் ஒற்றைச் சுரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். டெஸ்மண்ட் இளைஞராக இருந்தபோது முதல் தடவை அழுத இடம் அது.

டொக். டொக். டொக்.

டெஸ்மண்டுக்குப் புல்லரித்துவிட்டது. பழைய தட்டை எடுத்துப் போட்டார். ஆர்கன் மட்டுமே இருந்தது. மறுபடி புதியது. டொக், டொக், டொக். மென்மையான, கொஞ்சம் கூச்சப்படுகிற சத்தம். தாளம் மட்டும் அணுவளவு பிசகவில்லை. டிரம் வாசித்தவன் கணக்கு விட்டுப்போகாமலிருக்க நாற்காலியில் தட்டியிருக்கிறான். ஐம்பது வருஷமாக இரைச்சலுக்கடியில் கிடந்ததை இந்த ரீமாஸ்டர் தோண்டி எடுத்திருக்கிறது.

"கிளெனிஸ், மேல வா. கையில ஊசியோட வந்தாலும் பரவாயில்ல."

கிளெனிஸ் வந்ததும் முதல் காரியமாகக் குமிழைத் திருகிக் குறைத்தார். "காது கிழியுது."

"அந்தப் புள்ளியத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"அது என்னோட நெயில்பாலிஷ்."

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. ஆர்கன் இழுத்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"அழகா இருக்கு. அறுபத்தெட்டு வயசுல இல்லாத சத்தம் கேக்குது உனக்கு," என்று சொல்லிவிட்டு கிளெனிஸ் இறங்கிப் போனார்.

டெஸ்மண்ட் தனியாக, புள்ளியில் வைத்து மறுபடி போட்டார். தட்டியது. ஆள் வந்தால் ஒளிந்துகொள்கிறதே என்று டெஸ்மண்ட் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். நுட்பமான சத்தம், இன்னும் நன்றாக வெளியே இழுக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் இரண்டையும் சுவரை ஒட்டித் தள்ளினார், அப்போதுதான் அடி கனமாக விழும். குமிழையும் தர்மத்தை மறந்து புள்ளி தாண்டித் திருப்பினார். நல்ல பலன் கிடைத்தது. தட்டு முன்பைவிட அழுத்தமாகக் கேட்டது. நாலாவது பாட்டின் முடிவிலும் ஒருமுறை வந்தது. நோண்ட நோண்டப் புதையல் என்று டெஸ்மண்ட் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

சாட்சிக்கு டிப்டனிலிருந்து நண்பர் லயனலை வரவழைத்தார். லயனல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிண்டர் பேங்க் ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் குழுவுக்கு அவர்தான் தலைவர். எந்த மறுபதிப்பை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று லயனல் சொல்லும்வரை நாடு முழுக்க ஆட்கள் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். அவர் தன் சொந்தப் பிரதியையே கொண்டுவந்திருந்தார்.

"என்னோடதப் போடு. உன் தட்டு மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

போட்டார்கள். டொக், டொக், டொக்.

லயனல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டேய், இவ்வளவு நாளா இத நம்மகிட்ட மறைச்சுட்டாங்களேடா."

அன்று மாலையே குழுவில் எழுதினார்: "வாங்கலாம். ஏற்கெனவே இருந்தாலும் வாங்கலாம். மூன்றாவது பாட்டைக் கவனியுங்கள்."

மடமடவென்று வாங்கினார்கள். கவனித்தார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. லயனலுக்குக் காது டாக்டர் விலாசம் அனுப்பினார்கள். லயனல் தன் வீட்டில் தானே போட்டுப் பார்த்தார். அங்கேயும் ஆர்கன் மட்டும்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?" என்று போனில் கத்தினார். "என் தட்டு உன் வீட்டுல தட்டுது, என் வீட்டுல தட்ட மாட்டேங்குது."

"என் ஆம்ப்ளிஃபயர் நல்ல ஆம்ப்ளிஃபயர்."

"உன் ஆம்ப்ளிஃபயர நான்தான்டா உனக்கு வித்தேன்."

சண்டை முற்றியது. கிளெனிஸ்தான் வழி சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டுக் கேக்கறீங்க. எனக்கோ கேக்கக்கூடாதுன்னு ஆச. எந்த ஆசயும் இல்லாத காது ஒண்ணு வேணும். பக்கத்து வீட்டு மிஸ் பார்ஜெட்டரக் கூப்பிடலாம்."

லயனல் உடனே ஒத்துக்கொண்டார். மிஸ் பார்ஜெட்டர் ஆயுள் முழுக்கப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். கெட்டில் கூவினால் என்ன சுரம் என்று சொல்லிவிடுவார். பொய் சொல்லத் தெரியாதவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை டெஸ்மண்ட் காரைப் பின்னால் எடுக்கும்போது அவர் கால்மேல் ஏற்றிவிட்டார். மன்னிப்புக் கேட்டது மிஸ் பார்ஜெட்டர்.

சனிக்கிழமை மதியம் சின்ன அறையில் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மிஸ் பார்ஜெட்டர் மடியில் தேநீரும் பிஸ்கட்டுமாக நடுநாயகமாக இருந்தார்.

"மூணாவது பாட்டு நடுவுல கொஞ்சம் அமைதியா ஆகும்," என்று டெஸ்மண்ட் ஆரம்பித்தார்.

"தெரியும் தம்பி."

பியானோ டீச்சர் ஆயிற்றே, தெரியாமலா இருக்கும் என்று டெஸ்மண்ட் மகிழ்ந்துபோனார்.

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. நாலு பேரும் மூச்சை அடக்கினார்கள். ஆர்கன் இழுத்தது, இழுத்து முடித்தது.

"இன்னொரு தடவ," என்றார் டெஸ்மண்ட். குமிழை ஏற்றினார். ஒன்றுமில்லை.

"என் தட்டப் போடு," என்றார் லயனல். போட்டார்கள், இன்னும் ஏற்றினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிஸ் பார்ஜெட்டரின் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. டெஸ்மண்ட் ஸ்பீக்கரிலேயே காதை வைத்துக்கொண்டு மண்டியிட்டார். ஆர்கனைத் தவிர ஒரு ஈ கூடச் சத்தம் போடவில்லை.

"நல்லா... உற்சாகமா இருக்கு," என்றார் மிஸ் பார்ஜெட்டர்.

"தட்டுற மாதிரி ஏதாவது கேட்டுச்சுங்களா?" டெஸ்மண்டின் குரல் கெஞ்சியது.

மிஸ் பார்ஜெட்டரின் முகம் சிவந்துவிட்டது. "தட்டுற மாதிரியா? இல்லயே தம்பி. இன்னிக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

"முடிஞ்சுது," என்றார் கிளெனிஸ்.

லயனல் அங்கேயே உட்கார்ந்து, போனில் ஒரு விரலால், குழுவுக்கு மன்னிப்புக் கடிதம் தட்ட ஆரம்பித்தார். டெஸ்மண்ட் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து ஐந்து 'டின் சேப்பல்'களையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். அறை போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்குள் இன்னும் கேட்காத ஒன்று மிச்சமிருக்கிறது என்று சில நாள் சந்தோஷமாக இருந்தார். அது பறிபோனதுதான் பெரிய நஷ்டம்.

கிளெனிஸுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஒண்ணு வேணா வச்சுக்கோ," என்றார்.

"வேண்டாம். எது எதுன்னே எனக்கு வித்தியாசம் தெரியல போலிருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெஸ்மண்ட் படியிறங்கினார். வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த மிஸ் பார்ஜெட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ தம்பி, எல்லாத்தையுமா குடுத்துடப் போறீங்க?" என்றார். "நான் அவ்வளவுக்குச் சொல்லலயே. சத்தத்தக் கொஞ்சம் குறைச்சாப் போதும்னுதான் நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுச் சுவத்துல என் பக்கமிருந்து தட்டினேன். அதுவும் பாட்டு அடங்குற இடம் வரைக்கும் காத்திருந்து, தாளம் தப்பாமத்தான் தட்டினேன்."